விண்கல இருக்கை: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: விண்கலத்தில் பயணிகளை ஏன் மல்லாந்து படுக்க வைத்தே அனுப்புகிறார்கள்? விமானத்தில் போல நிமிர்ந்து உட்கார்ந்தால் என்ன?

பதில்: நிமிர்ந்து உட்காரும்போது இதயத்துக்கும் கண்ணுக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. உயரம் இருக்கிறது. அந்த உயரத்துக்கு இரத்தத்தை ஏற்ற, தரையில் 23 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் செலவாகிறது. முடுக்கம் 5 ஜி ஆனால், அதாவது உடலின் எடை ஐந்து மடங்காகத் தோன்றினால் (கைப்பேசிக்காரர்களின் 5 ஜி வேறு), செலவும் ஐந்து மடங்காகி 115-ஐத் தொடுகிறது. இதயம் சுருங்கும்போது தருகிற அழுத்தமே 120 என்பதால், கண்ணுக்கும் மூளைக்கும் மிச்சம் ஒன்றும் இராது. முதலில் பார்வை மங்கும், பிறகு இருளும், அதன் பிறகு நினைவு தப்பும். மல்லாந்து படுத்தால் முடுக்கத்தின் திசையில் இதயத்துக்கும் கண்ணுக்கும் உள்ள உயர வேறுபாடு சில சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது.

கேள்வி: அப்படிப் படுத்துவிட்டால் வேறு சிரமமே இல்லையா?

பதில்: இருக்கிறது, மூச்சில். விசை மார்பிலிருந்து முதுகை நோக்கி அழுத்துவதால், விலா எலும்புகளை உயர்த்துவதே ஒரு வேலையாகிவிடும். ஆழ்ந்து இழுக்காமல், வயிற்றை அசைத்துச் சிறு சிறு மூச்சாக விடப் பழக்குகிறார்கள். முதுகைச் சற்றே உயர்த்தி, முழங்காலை மடக்கி வைப்பதும் மார்பின் சுமையைக் குறைப்பதற்குத்தான். 8 ஜி-யை நெருங்கினால் கையைத் தூக்க முடியாது, ஆனால் விரல்கள் அசையும். ஆகவே அவசரத்தில் தேவைப்படும் பொத்தான்கள் விரல் நுனி எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: நல்ல தடிமனான, மெத்தென்ற ஃபோம் மெத்தை போட்டால் பயணிகளுக்குச் சுகமாக இருக்குமே? இவ்வளவு பணம் செலவழிப்பவர்கள் அதில் ஏன் கஞ்சத்தனம் செய்கிறார்கள்?

பதில்: இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பொறியாளர்களும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ராக்கெட் மேலெழும்போது முடுக்கம் படிப்படியாக ஏறுவதால் மெத்தை பெரிய தீங்கு செய்யாது. தரையில் இறங்கும்போதுதான் அது எதிரியாக மாறுகிறது. கலம் தரையில் மோதியதும் இருக்கைச் சட்டம் உடனே நின்றுவிடும். உடலோ மெத்தையை நசுக்கிக்கொண்டு பழைய வேகத்திலேயே கீழே போய்க்கொண்டிருக்கும். மெத்தை முழுக்க நசுங்கி அடி தட்டும் கணத்தில், ஏற்கெனவே நின்றுபோன சட்டத்தின் மேல் உடல் வந்து மோதுகிறது. விளைவாக, சட்டம் பட்ட அடியைவிட முதுகெலும்பு படுகிற அடி பெரிதாகிவிடும். உடலுக்கும் இருக்கைக்கும் நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளியும், ஒரு விரற்கடை அளவே ஆனாலும், இப்படித்தான் வேலை செய்யும்.

ஆகையால், நசுங்க வேண்டியது மெத்தை அன்று, சட்டத்துக்கு அடியில் உள்ள அதிர்வுத் தாங்கி. மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் உடலோடு ஒட்டிய கெட்டியான வார்ப்பு இருக்க வேண்டும். ரஷ்யாவின் சோயுஸ் கலத்துக்கு இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், வீரரை மெல்லிய உள்ளாடையோடு தொட்டியில் படுக்க வைத்து, முதுகைச் சுற்றி ஜிப்சம் குழம்பை ஊற்றி, அது இறுகும்வரை அசையாமல் இருக்கச் சொல்கிறார்கள். பிறகு அவரைத் தூக்கிவிட்டு, அந்த அச்சைச் செதுக்கிச் சீராக்கி, அவருக்கென்றே ஓர் உள்வார்ப்பு செய்து, ‘காஸ்பெக்’ என்ற இருக்கையில் பொருத்துகிறார்கள். அந்த இருக்கை தரையிறங்குவதற்கு முன் தன் தாங்கியின் மேல் உயர்ந்து, பயணியைக் கருவிப் பலகைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தும்; மோதலின்போது கீழே அமுங்க இடம் வேண்டுமல்லவா?

கேள்வி: ஆளுக்கொரு வார்ப்பு என்றால் பலர் பயணம் செய்யும் கலங்களுக்கு அது ஒத்துவருமா?

பதில்: ஒத்துவராது. அமெரிக்காவின் முதல் மனித விண்கலமான மெர்க்குரியில், பொறியாளர் மாக்ஸ் ஃபேஜேயின் யோசனைப்படி ஆளுக்கு ஏற்ற கண்ணாடி இழை வார்ப்பு இருந்தது. 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் ஜான்ஸ்வில் ஆய்வகத்தில், ஆளைச் சுழற்றி முடுக்கத்தை உண்டாக்கும் மையவிலக்குச் சுழலியில் அத்தகைய வார்ப்பில் படுத்த ஒருவர் 20 ஜி-க்கும் மேல் தாங்கினார். அப்போலோவில் அதைக் கைவிட்டு, உலோகச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய கண்ணாடி இழைத் துணிக்கு மாறினார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் இருக்கைகள் இன்று போதுமான அளவு நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பொருத்தத்தில் வார்ப்பை அவை எட்டவில்லை என்பது என் கருத்து.

கேள்வி: போகும்போது அளவெடுத்த வார்ப்பு, மாதக்கணக்கில் எடையின்றி மிதந்துவிட்டுத் திரும்பும்போதும் பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. சுமை நீங்கியதும் முள்ளெலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் விரிந்து, உயரம் 3 விழுக்காடு வரை கூடிவிடும், 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது ஏறத்தாழ 5 செ.மீ. அதற்கென்று தலைப்பக்கத்தில் முன்கூட்டியே இடம் விட்டு வைக்க வேண்டும். விடாவிட்டால் தோளும் இடுப்பும் தமக்கான பள்ளங்களிலிருந்து விலகி, வார்ப்பின் மேடுகள் தவறான இடத்தில் குத்தும்.

கேள்வி: தண்ணீர் நிரப்பிய தொட்டிக்குள் ஆளை மிதக்கவிட்டால் எவ்வளவு ஜி-யும் தாங்கலாம் என்கிறார்களே?

பதில்: யோசனை பழையது, விண்வெளிப் பயண அறிவியலின் ரஷ்ய முன்னோடி சியோல்கோவ்ஸ்கியே சொல்லியிருக்கிறார். ஜான்ஸ்வில்லில் நீருக்குள் அமர்ந்து, மூச்சை அடக்கி, சில நொடிகள் 31 ஜி தாங்கியும் காட்டினார்கள். ஆனால் நுரையீரலில் உள்ள காற்று நீரைவிட மிக இலேசானது என்பதால் மார்புக்குள் மட்டும் உடலுக்கும் சுற்றியுள்ள நீருக்கும் இடையேயான சமநிலை கெட்டுவிடுகிறது. தவிர, தொட்டியின் எடையையும் ராக்கெட் சுமக்க வேண்டும்.

கேள்வி: நிஜமான பயணத்தில் இருக்கை மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது எப்போது?

பதில்: 1975 ஏப்ரல் 5 அன்று. ராக்கெட்டின் இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் சரியாகப் பிரியாததால், சோவியத் வீரர்கள் லாசரெவும் மகாரொவும் இருந்த சோயுஸ் பாதியிலேயே திரும்பியது. செங்குத்தாக வந்ததால் 20 ஜி-க்கும் மேல் ஏறியது. இருவரும் உயிரோடு இறங்கினார்கள்.

கேள்வி: பயணியாகப் போகிறவர் இருக்கை விஷயத்தில் கவனிக்க வேண்டியது எது?

பதில்: வார்களை, மூச்சு விட இடம் வைத்து, முடிந்த அளவு இறுக்குங்கள். முதுகுக்கும் இருக்கைக்கும் நடுவே துணி மடிப்புகூட இருக்கக் கூடாது. தரையிறங்கும்போது தலையைத் திருப்பாமல் இருக்கையோடு அழுத்தி வையுங்கள். பேச வேண்டாம், நாக்கு பற்களுக்கு இடையே அகப்பட்டுக்கொள்ளும்.