வயதான நாய்க்கு டோலோ கொடுக்கலாமா?

பாதி மாத்திரைகூட வேண்டாங்க. டோலோ 650-இல் இருப்பது பாராசிட்டமால். அளவு தப்பினால் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். புரூஃபென், டைக்ளோஃபெனாக் இன்னும் மோசம்: வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகமும் பழுதாகும்.

உங்கள் 12 வயது லேப்ரடார் காலையில் எழச் சிரமப்பட்டு, கொஞ்சம் நடந்ததும் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் மூட்டுத் தேய்மானம்தான். ஒன்று செய்து பாருங்கள். அவனை நிற்க வைத்து, வயிற்றைத் தாங்கிக்கொண்டு, பின்னங்கால் பாதத்தின் மேல்புறம் தரையில் படும்படி மெதுவாக மடக்கி வையுங்கள். அவனே உடனே பாதத்தைத் திருப்பி ஊன்றினால் நல்லது. அப்படியே விட்டுவிட்டால் நரம்புப் பிரச்சினையாக இருக்கலாம், தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் இருக்கும் கடலூரிலிருந்து புதுச்சேரி குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர முடியும். மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தை மருத்துவர்தான் எடை பார்த்து எழுத வேண்டும். அதற்கு முன் ஈரல், சிறுநீரக ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உண்ணிக் காய்ச்சலிலும் மூட்டு வலிக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

அரிப்புக்கு ஸ்டீராய்டு தருவதாக எழுதியிருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டும் வலி மருந்தும் சேரக் கூடாது. ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வலி மருந்து தொடங்கியபின் வாந்தி வந்தாலோ மலம் கறுத்தாலோ, அடுத்த வேளை கொடுக்காமல் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள்.

அதுவரை டைல்ஸ் தரையில் சாக்கு விரித்துவிடுங்கள், பாவம், வழுக்கினால் வலி இன்னும் கூடும்.