அப்பாவைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

எனக்கு வயது 47. கல்யாணமாகிப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பிறந்த வீடு கடலூர் மஞ்சக்குப்பம். அப்பா போன வருஷம் ஆடியில் தவறிவிட்டார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். நான் ஒரே பிள்ளை.

பெரியப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டதால் அவருடைய மூன்று மகன்களையும் அப்பாதான் வளர்த்தார். பண்ருட்டிப் பக்கத்து ஊர்களில் முந்திரி வாங்கி விற்கும் வியாபாரம். அந்த வருமானத்தில்தான் அவர்கள் படிப்பு, கல்யாணம் எல்லாம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அப்பா இறந்ததிலிருந்து அவர்கள் நடந்துகொள்வதைத்தான் தாங்க முடியவில்லை.

பெரிய அண்ணன் கொள்ளி வைத்தார். நானும் சுடுகாட்டுக்கு வருகிறேன் என்றேன். "பொம்பளைப் பிள்ளை தெருமுனையோடு நின்னுக்கணும்" என்று பெரியவர்கள் நிறுத்திவிட்டார்கள். மூவரில் ஒருவர்கூட எனக்காகப் பேசவில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அவர்கள் பெயர்தான் முதலில், என் பெயர் கடைசியில் சின்ன எழுத்தில். கருமாதி அன்று வந்தவர்கள் எல்லாரும் "அண்ணன் பிள்ளைகளைத் தன் பிள்ளையாக வளர்த்த மனுஷன்" என்றே பேசினார்கள். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் அப்பாவும் அப்படித்தான். சீசனில் பலாப்பழம் கொண்டுவந்தால் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்து அரிவார். நாலு பேருக்கும் சுளையை எண்ணி எண்ணி வைப்பார். பெற்ற மகளாயிற்றே என்று எனக்கு ஒரு சுளை கூடுதலாக வைத்ததில்லை. 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் அடித்தபோது எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்துபோனது. கரண்டும் இல்லை, போனும் இல்லை. அப்பா முதலில் பெரிய அண்ணன் வீட்டுக் கூரையைச் சரிசெய்துவிட்டு, அப்புறம்தான் என்னைப் பார்க்க வந்தார். அதுவும் தனியாக வரவில்லை. சின்னவன் பைக்கில், மடியில் மெழுகுவத்திப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

இந்த ஆடியில் தலைத்திதி. நான் போய்ச் சேருவதற்குள் படையலே போட்டுவிட்டார்கள். வருகிற தையில் என் மகளுக்குத் திருவந்திபுரத்தில் கல்யாணம், தாய்மாமன் முறைக்கு யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, அப்பாவின் சட்டைகளைக்கூட அவர்களே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். சொத்துக்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா கட்டிய வீட்டின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் போஸ்டரை என்னால் மறக்க முடியவில்லை.

என் அப்பா எனக்கு மட்டும் அப்பாவாக ஒரு நாளாவது இருந்தாரா? இவர்களோடு உறவையே முறித்துக்கொள்ளலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத மகள், புதுச்சேரி

அன்புள்ள சகோதரிக்கு,

போஸ்டர், படையல், சட்டை எல்லாவற்றையும் படித்தேன். "அது வேறு விஷயம்" என்று ஒரு வரியைத் தள்ளிவிட்டுப் போனீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். இந்தக் கடிதத்தை உங்களை எழுத வைத்ததே அந்த வரிதான் என்று நினைக்கிறேன்.

அப்பா இருந்திருந்தால் இந்தக் கவலையே வந்திருக்காது. அவரே மூவரையும் கூப்பிட்டு, சீர்த்தட்டு எத்தனை, பட்டம் யார் கட்டுவது என்று சொல்லி முடித்திருப்பார். இப்போது நீங்கள் நேரில் போய் அழைக்க வேண்டும். அழைத்தால் வருவார்களா, இல்லை சித்தப்பாவோடு எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுவார்களா? அந்தப் பயத்தில்தான் அவர்கள் விலகும் முன் நாமே முறித்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அப்பா அம்மா இரண்டு பேரும் போன பிறகு பிறந்த வீடு என்று ஒன்று மிஞ்சுமா என்ற பயம் எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடியதுதான்.

ஒரு விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். பெற்ற மகளைத் தெருமுனையோடு நிறுத்தியது அநியாயம். துக்கப்படும் உரிமையை மற்றவர்கள் ஒப்புக்கொள்ளாத துயரத்தைப் பற்றி கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். அப்படிப்பட்ட துக்கம் லேசில் ஆறாது. போஸ்டரில் எழுத்து எவ்வளவு பெரிசு என்று இன்னும் நீங்கள் அளந்துகொண்டிருப்பது அதனால்தான்.

மற்றதில் உங்கள் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை, மன்னியுங்கள்.

அப்பா சுயமாகச் சம்பாதித்துக் கட்டிய வீடு, உயில் எழுதவில்லை என்றால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளான உங்களுக்குத்தான். அண்ணன் மகன்களுக்கு அதில் பங்கு கிடையாது. அவர்களும் கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. சாவியை உங்கள் கையில் விட்டுவிட்டுப் பழைய சட்டையை எடுத்துப் போயிருக்கிறார்கள். அந்தச் சட்டையை விற்றால் என்ன கிடைக்கும்? அப்பாவை இரண்டு முறை இழந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு முறை சின்ன வயதில், இன்னொரு முறை போன ஆடியில்.

பலாச்சுளைக்கு வருகிறேன். உங்களுக்கு மட்டும் ஒரு சுளை கூடுதலாக வைத்திருந்தால் அன்றைக்கு உங்கள் மனசு நிறைந்திருக்கும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பிள்ளைகளுக்கும் 'நாம் இந்த வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறவர்கள்' என்று அப்போதே தெரிந்துபோயிருக்கும். ஒண்டி வளர்ந்தவர்கள் வளர்ந்ததும் விலகிப் போயிருப்பார்கள். அவர் எண்ணி எண்ணி வைத்ததால்தான் உங்களுக்கு மூன்று சகோதரர்கள் கிடைத்தார்கள். கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத மகளுக்கு ஓர் அப்பா இதைவிடப் பெரிய சீர் எதைக் கொடுத்துவிட முடியும்?

புயலையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த புயல் அது. முந்திரியை நம்பி வியாபாரம் செய்தவருக்கு எவ்வளவு பெரிய அடி! அந்த நேரத்திலும் பக்கத்தில் இருந்த கூரையை முதலில் பார்த்துவிட்டு, மரங்கள் விழுந்து கிடந்த பாதையில் உங்களிடம் வந்திருக்கிறார். தனியாக வரவில்லை என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் வெளிச்சம் இருக்கட்டும் என்று அவர் மெழுகுவத்தியோடு கிளம்பினார். அவரைக் கொண்டுவந்து சேர்த்தது உங்கள் தம்பி. உங்கள் மகளின் மஞ்சள் நீராட்டுக்கு மாமன் சீர் யார் கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு ஊகிக்க முடிகிறது.

உங்களுக்கு மட்டும் அப்பாவாக அவர் இருந்தாரா என்று கேட்டீர்கள். இல்லை, இருக்கவில்லை. அவருடைய சுபாவத்துக்கு அது முடியாது. அதனால் உங்கள் பங்கு குறைந்துவிட்டது என்று நீங்களாகக் கணக்குப் போட்டுக்கொண்டதுதான் தவறு.

உறவை முறிக்கும் யோசனையை விடுங்கள். பத்திரிகை அச்சுக்குப் போகும் முன்பே கணவரோடு பெரிய அண்ணன் வீட்டுக்குப் போங்கள். தாய்மாமன் என்று மூன்று பேர் பெயரையும் போடப்போகிறோம், பட்டம் கட்டுவது யார் என்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் அண்ணா என்று சொல்லுங்கள். தெருமுனையில் நிறுத்தப்பட்ட வலியை அன்றைக்கு எடுக்க வேண்டாம். கல்யாணமும் மறுவீடும் முடியட்டும். அப்புறம் ஒரு நாள் அண்ணனைத் தனியாக உட்காரவைத்து, "நான் வரேன்னு சொன்னப்ப நீ ஏன் பேசாம நின்னே?" என்று நேராகவே கேளுங்கள். அதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.