காய்ச்சல் விட்டும் இருமல் நிற்கவில்லை, ஆன்டிபயாட்டிக் வேண்டுமா?

சளி பிடித்துப் பத்து நாள் ஆகிறது, காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் இருமல் நிற்கவில்லை, பிராங்கைட்டிஸ் என்கிறார்கள், ஆன்டிபயாட்டிக் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக வேண்டியிருக்காது. பிராங்கைட்டிஸ் என்றால் மூச்சுக்குழாய் அழற்சி. திடீரென்று வரும் வகை பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதை ஒன்றும் செய்யாது. சளி பச்சையாக வந்தால் முற்றிவிட்டது என்று எங்கள் முக்கூடல் பக்கம் பயப்படுவார்கள். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்களாலேயே அந்த நிறம் வரும். குழாயின் உள்சவ்வு வீங்கியிருப்பதால் அது ஆறும்வரை இருமல் இருக்கும். மூன்று வாரம்கூட இழுக்கும்.

ஆனால் இருமல் எத்தனை நாளாக இருக்கிறது என்று எண்ணுங்கள். என் அம்மா விஷயத்தில் நாங்கள் எண்ணவில்லை.

அம்மா முப்பது வருஷமாகப் பீடி சுற்றுகிறாள். சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்தால் புகையிலைத் தூள் நேரே மூக்குக்குத்தான் ஏறும். போதாததற்கு விறகடுப்பு. சாரல் தொடங்கினால் இருமல், மார்கழிப் பனிக்கு இருமல். "தூள் இருமல்தாம்ல, நீ வேலையப் பாரு" என்பாள். மெடிக்கலில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பேன். இப்படியே வருஷங்கள் ஓடின. ஒருநாள் ஆற்றில் குளித்துவிட்டுப் படித்துறை ஏறியவள் பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள்.

சளிப் பரிசோதனையில் காசநோய் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், மூச்சை அளக்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: வருஷத்தில் எத்தனை மாசம் இப்படிச் சளியோடு இருமுவீங்க? தொடர்ந்து 2 வருஷம், வருஷத்துக்கு 3 மாதமாவது சளியோடு இருமல் இருந்தால் அது நாள்பட்ட வகை பிராங்கைட்டிஸ். வீட்டில் நாங்கள் யாருமே அவளிடம் அதைக் கேட்டதில்லை. இன்ஹேலர் என்றதும் "பழகிட்டா விடமுடியாது" என்று ஊரே பயமுறுத்தியது. அப்படி அடிமையாக்கும் மருந்து அல்ல அது. மாத்திரையைவிடக் குறைந்த அளவில், நேரே நுரையீரலுக்குப் போகிறது. இப்போது காற்றோட்டமாகத் திண்ணையில் உட்கார்ந்து, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு சுற்றுகிறாள். விறகடுப்பை நிறுத்திவிட்டோம்.

உங்களுக்கு இப்போதைக்கு ஓய்வும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். சுக்குக் காப்பி தொண்டைக்கு இதம், நோயைத் தீர்க்காது. சர்க்கரை நோய் இருந்தால் அதில் கருப்பட்டி வேண்டாம். ராத்திரி இருமலுக்கு ஒரு ஸ்பூன் தேன் குடிக்கலாம், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. வீட்டில் யாராவது புகைத்தால் வெளியே அனுப்புங்கள்.

சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, விட்ட காய்ச்சல் திரும்புவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இது எதுவும் இல்லாமல் பதினாலாவது நாளும் இருமினால், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். காசு கிடையாது.