கம்ப்யூட்டர் கேள்வி - பதில்: பூட்டிப்போன கல்யாணப் போட்டோக்கள்

கேள்வி: போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் சார். ஆல்பம் டிசைன் செய்யும் சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் (திருட்டு) பதிப்பை இறக்கினேன். ஆன்டிவைரஸை ஆஃப் செய்யச் சொன்னது, செய்தேன். விண்டோஸ் அப்டேட் ஆவது மாதிரி ஒரு திரை ஓடியது. முடிந்தபோது எல்லாப் போட்டோவின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து. எதுவும் திறக்கவில்லை. 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் பேசினால் 490 போதும் என்று ஃபோல்டர்தோறும் ஒரு குறிப்பு. மூன்று கல்யாண ஆல்பம் பாக்கி. கட்டிவிடலாமா?
- ஸ்டுடியோ உரிமையாளர், திட்டக்குடி

பதில்: கட்டாதீர்கள். பணம் வாங்கியவன் கோப்புகளைத் திறக்கும் சாவி தருவான் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாம் ஸ்டாப் டிஜேவு என்ற ரான்சம்வேருடையவை; அதாவது கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல். அந்த அப்டேட் திரையே போலி. நீங்கள் பொறுமையாகக் காத்திருந்த நேரத்தில்தான் கோப்புகளைப் பூட்டியிருக்கிறது.

நெட் இணைப்பை உடனே துண்டியுங்கள். பேக்கப் டிஸ்க் இருந்தால் அந்தக் கம்ப்யூட்டரில் செருகவே வேண்டாம்.

அடுத்து, அந்த மூன்று கல்யாணத்துக்கும் பயன்படுத்திய மெமரி கார்டுகளைத் தேடி எடுங்கள். கார்டை ஃபார்மட் செய்திருந்தாலும், அதன்மேல் புதிதாகப் படம் எடுக்காதவரை பழைய படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள். கூட வந்த வீடியோகிராஃபரிடமும் கேளுங்கள்; அவர் கையில் ஒரு காப்பி இருக்கலாம்.

பூட்டிய கோப்புகளை அழித்துவிடாதீர்கள். 2019இல் டிடிபி சென்டர் நடத்தும் ஓர் அம்மா இதே குறிப்போடு என்னிடம் வந்தார். அதற்குள் தெரிந்த பையன் ஒருவன் மொத்தமாக ஃபார்மட் போட்டுவிட்டிருந்தான். அந்த அக்டோபரிலேயே எம்சிசாஃப்ட் என்ற ஆன்டிவைரஸ் நிறுவனம் இந்த ரான்சம்வேரின் 148 வகைகளுக்கு இலவச மீட்புக் கருவி வெளியிட்டது. போட்டுப் பார்க்க அவரிடம் ஒரு கோப்பும் இல்லை. எனக்கு இன்னும் அது ஆறவில்லை.

புதிய வகைகளில் நிலைமை கடினம். அந்த ரான்சம்வேரால் தன் சர்வரைத் தொடர்புகொள்ள முடிந்தால் ஆளுக்கொரு சாவி போட்டுப் பூட்டும்; முடியாவிட்டால் எல்லோருக்கும் ஒரே சாவி. குறிப்பின் அடியில் இருக்கும் ஐடி 't1' என்று முடிந்தால் அந்தப் பொதுச் சாவிதான். என்றாவது அது கிடைத்தால் உங்கள் படங்களும் திறக்கும். அதனால் பூட்டிய கோப்புகளை ஒரு தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அதற்குப் பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடலாம்.

பாஸ்வேர்டு திருடும் நிரலும் இதோடு சேர்ந்து வருவதுண்டு. பேங்க், ஜிமெயில் பாஸ்வேர்டுகளை இன்றே மொபைலிலிருந்து மாற்றுங்கள். பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

'நாங்கள் திறந்து தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். அந்த ஐடியின் கடைசி எழுத்துகளை எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்தக் கார்டுகளில் ஒரு படம்கூட எடுக்காதீர்கள்.