பழைய சொகுசு கார்களில் எலக்ட்ரானிக் பிரேக் எத்தனை கிலோமீட்டரில் தேயும்?

கேட்டவர் 2004 மாடல் பென்ஸ் இ-கிளாஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். மீட்டரில் 90 ஆயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறதாம். பிரேக் இன்னும் எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அவர் கேள்வி.

ஷார்ஜா சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், பதினோரு வருடம் இந்த மாதிரிக் கார்களுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். முதலில் அந்த மீட்டரை மறந்துவிடுங்கள். இந்தக் காரின் பிரேக் எண்ணி வைத்திருப்பது நீங்கள் எத்தனை முறை மிதித்தீர்கள் என்பதைத்தான். நிஜமாகவே உள்ளே ஒரு கவுண்டர் இருக்கிறது.

எஸ்பிசி என்பார்கள். சென்சோட்ரானிக் பிரேக் கன்ட்ரோல். பாஷ் நிறுவனத்தோடு சேர்ந்து பென்ஸ் உருவாக்கியது. 2001-ல் எஸ்எல் என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் 2002-ல் இ-கிளாஸிலும் வந்தது. சாதாரணக் காரில் கால் கொடுக்கும் அழுத்தம் பூஸ்டர் வழியாக பிரேக் ஆயிலைத் தள்ளும். இதில் பூஸ்டரே கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார் நீங்கள் எவ்வளவு வேகமாக, எவ்வளவு ஆழமாக மிதித்தீர்கள் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அது நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனியாக அழுத்தத்தைப் பங்கிட்டு அனுப்பும். காலில் படுகிற கனம்கூட ஒரு ஸ்பிரிங் ஏற்பாடு செய்யும் நடிப்புதான். அழுத்தம் ஒரு மின்சாரப் பம்பிலிருந்து வருகிறது. பம்ப் ஆயிலை அக்யூமுலேட்டர் என்ற உருண்டைக்குள் 140, 150 பார் (அழுத்தத்தின் அளவு) வரை ஏற்றி வைக்கும். உருண்டைக்குள் ஒரு சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் வாயு.

தேய்மானம் இந்த இரண்டு இடத்தில்தான். பம்ப் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஓட ஓடத் தேயும். நைட்ரஜன் வருடக்கணக்கில் மெல்லக் கசியும். அது குறையக் குறைய உருண்டையில் சேமிப்பு நிற்காது, பம்ப் அடிக்கடி ஓட வேண்டிவரும், பிரஷ் இன்னும் சீக்கிரம் தேயும். ஒன்று கெட்டால் மற்றதையும் இழுத்துக்கொண்டு போகும்.

பம்புக்கு வேலை பிரேக் மிதிக்கும்போது மட்டுமா என்றால் அதுவும் இல்லை. கதவைத் திறந்தாலே விழித்துக்கொண்டு 'ஸ்ர்ர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், அடுத்து பிரேக் வரும் என்று யூகித்து பிரேக் பேடுகளை, அவை அழுத்திப் பிடிக்கும் சக்கர டிஸ்க்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். வைப்பர் ஓடினால் நடுநடுவே லேசாகத் தொட்டு டிஸ்க்கில் இருக்கும் ஈரத்தைத் துடைக்கும். (ஷார்ஜாவில் இந்த வசதியால் யாருக்கும் பெரிய பிரயோஜனம் இல்லை.) எல்லாமே அழகான யோசனைகள்தான், ஆனால் ஒவ்வொன்றும் பம்பின் ஆயுளில் கை வைக்கிறது.

கவுண்டரின் எல்லை சுமார் 3 லட்சம் மிதி என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. நகரத்துக்குள்ளேயே ஓடி, கிலோமீட்டருக்கு மூன்று முறை மிதித்தால் 1 லட்சம் கிலோமீட்டரில் கதை முடிந்தது. இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை மட்டும் பிரேக்கைத் தொடுகிற ஹைவே கார் என்றால் 6 லட்சம் வரை போகும். ஷார்ஜாவிலிருந்து துபாய்க்கு அல் இத்திஹாத் சாலையில் தினமும் காலை ஊர்ந்து போகும் கார்களையும், வாரம் இரண்டு முறை அபுதாபி போய்வரும் கார்களையும் நாங்கள் அடுத்தடுத்து நிறுத்தி வேலை பார்த்திருக்கிறோம். மீட்டரில் குறைவாகக் காட்டும் கார்தான் பெரும்பாலும் முதலில் எல்லையைத் தொடும். அதனால்தான் உங்கள் 90 ஆயிரத்தைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. டாக்டர் ஓட்டியது, வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் என்று விற்பவர் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள்.

எல்லையைத் தாண்டினால் டிஸ்பிளேயில் பிரேக்கைச் சர்வீஸுக்குக் காட்டச் சொல்லி எச்சரிக்கை வரும். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரில் சி249எஃப் என்ற பிழைக் குறியீடு நிற்கும். அன்றைக்கே பிரேக் போய்விடும் என்று அர்த்தமில்லை, ஆனால் அதோடு ஓட்டாதீர்கள். சிவப்பு எச்சரிக்கை வந்து அழுத்தம் உண்மையிலேயே போய்விட்டால், கார் பழைய கால முறைக்கு இறங்கிவிடும். கால் வலுவில் முன் சக்கரங்கள் இரண்டு மட்டும் பிடிக்கும். அந்த நிலையில் ஒரு காரை எங்கள் கராஜ் வாசலிலிருந்து உள்ளே கொண்டுவர நான் ஓட்டியிருக்கிறேன். இருபது மீட்டர் இருக்கும். பெடல் பாதிக்கு மேல் சும்மா இறங்கியது, அப்புறம் கல் மாதிரி நின்றது. இரண்டு காலையும் வைத்து மிதித்தேன். அதற்குப் பிறகு யார் போனில் கேட்டாலும் 'ரிக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வாங்க' என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.

இதெல்லாம் ரகசியமும் இல்லை. 2004 மே மாதம் 6 லட்சத்து 80 ஆயிரம் கார்களை இந்த பிரேக்குக்காக பென்ஸ் திரும்ப அழைத்தது. 2005-ல் 13 லட்சம் கார்கள், அந்த முறை ஆல்டர்னேட்டர், பேட்டரி விஷயங்களும் சேர்ந்தே இருந்தன. 2006-ல் இ-கிளாஸுக்கு முகம் மாற்றியபோது எஸ்பிசியை எடுத்துவிட்டு சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே போய்விட்டார்கள். எஸ்எல் காரில் 2011 வரை விட்டு வைத்தார்கள். அமெரிக்காவில் பின்னாளில் இந்தப் பம்புக்கான உத்தரவாதத்தை 25 வருடத்துக்கு நீட்டினார்கள்.

சந்தையில் கவுண்டரை மட்டும் பூஜ்யம் ஆக்கித் தருகிறவர்கள் உண்டு. சனையாவிலேயே ஒருவரிடம் 'புதுசு மாதிரி' என்று வாங்கிய பம்பை நான் பிரித்துப் பார்த்தேன். எண் புதுசு, பிரஷ் பழசு. மோட்டாரையும் அக்யூமுலேட்டரையும் மாற்றிவிட்டு எண்ணைத் திருப்பி வைத்தால் ஒப்புக்கொள்ளலாம். வெறும் எண்ணைத் திருத்துவது என்னைப் பொறுத்தவரை திருட்டு. எதை மாற்றினீர்கள் என்று கேட்டு, கழற்றிய பழைய மோட்டாரைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, பேட் மாற்றும் விஷயம். முதல் வருடம் நான் செய்த மடத்தனம் இது. ஸ்கேனரைப் போட்டு எஸ்பிசியைத் தூங்க வைக்காமல் முன் காலிப்பரை, அதாவது பேடுகளைப் பிடித்திருக்கும் பாகத்தை, கழற்றிவிட்டேன். கார் ஓனர் ஏசி ரூமில் உட்கார்ந்திருந்தவர், போனை எடுக்க வேண்டும் என்று ரிமோட்டை அழுத்திக் கதவைத் திறந்தார். 'ஸ்ர்ர்' சத்தம் கேட்டதும் பக்கத்துக் காரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மலையாளிச் சேட்டன் என் கையைப் பிடித்து இழுத்தார். பேடைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வந்து விழுந்தது, மூஞ்சியெல்லாம் பிரேக் ஆயில். கட்டைவிரல் நகம் மட்டும் போயிற்று. உங்கள் ஊர் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஸ்கேனர் இல்லாமல் இந்தக் காரின் சக்கரத்தைத் தொட விடாதீர்கள்.

மற்ற சொகுசு கார்களில் இந்த அளவுக்கு இல்லை. அதே காலத்து பிஎம்டபிள்யூ, ஆடி கார்களில் பெரும்பாலும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது) கன்ட்ரோல் யூனிட்டுக்குள் இருக்கும் இணைப்பு சூட்டில் விட்டுப்போகும். காலையில் எச்சரிக்கை விளக்கு எரியாது, இன்ஜின் சூடானதும் எரியும். பிரேக் பிடிக்கும், ஏபிஎஸ் மட்டும் இருக்காது. யூனிட்டை மாற்றச் சொல்வதற்கு முன்னால் சக்கர சென்சாரையும் பிரேக் லைட் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சின்ன சுவிட்ச் கெட்டுப்போய் டாஷ்போர்டே தீபாவளி கொண்டாடிய கார்களை எத்தனையோ பார்த்தாயிற்று.

சரி, உங்கள் 2004 கார். காலையில் இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் போய், ரிமோட்டை அழுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். பம்ப் ஓரிரு நொடி ஓடி நின்றால் நல்லது. நீண்ட நேரம் முனகினாலோ, அப்புறம் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் திரும்ப ஓடினாலோ நைட்ரஜன் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பானெட்டுக்குக் கீழே இருக்கும் துணை பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். கரண்ட் குறைந்தால் கைகொடுக்க வேண்டியது அதுதான், பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அப்புறம் பென்ஸுக்கான ஸ்கேனரைப் போட்டு கவுண்டர் எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். 2 லட்சத்துக்குள் இருந்தால் பேசலாம். அதற்கு மேல் என்றால் புதுப் பம்பின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். எண் சந்தேகப்படும்படி சின்னதாக இருந்தால் பம்ப் மாற்றிய பில்லைக் கேளுங்கள்.