பைசாந்தியப் பொற்காசு: எந்த அரசரிலிருந்து தொடங்கலாம்?

"பைசாந்தியப் பொற்காசு ஒன்றாவது சொந்தமாக வைத்திருக்க ஆசை. எந்த அரசருடையதை வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில், பைசாந்தியம் எனப்படும் கிழக்கு ரோமப் பேரரசை ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட ஹெராக்ளியஸ்.

அவர் காசுகள் சந்தையில் ஓரளவு தாராளமாகவே கிடைக்கின்றன. ஆனால் நான் அவரைச் சொல்வது அதற்காக மட்டுமல்ல, காசில் உள்ள முகத்துக்காகவும்தான். அவருக்கு முந்தைய நூற்றாண்டில் ஆண்ட முதலாம் ஜஸ்டினியன் எண்பதைக் கடந்து வாழ்ந்தவர். காசில் மட்டும் கடைசி வரை மழித்த இளமுகம். யாருடைய முகம் என்று எழுத்தைப் படித்தால்தான் தெரியும். ஹெராக்ளியஸ் அப்படியல்ல. 610-இல் பட்டத்துக்கு வந்தபோது குறுந்தாடியோடு தனியாக இருக்கிறார். 613-க்குப் பின் அவர் பக்கத்தில் சின்னதாக ஒரு தலை முளைக்கிறது. அது மூத்த மகன். அடுத்தடுத்த வெளியீடுகளில் பிள்ளை வளர்கிறான். பாரசீகப் போர் ஓய்ந்த சமயத்துக் காசுகளில் தந்தைக்கு நீண்ட தாடி, பெரிய மீசை. பிறகு இளைய மகனும் சேர்ந்து மூவராக நிற்கிறார்கள். குடும்ப ஆல்பம்தான்!

நான் முதலில் வாங்கியதும் தந்தையும் மகனும் உள்ள காசுதான். ஊருக்குப் போனபோது பெருமையாக எங்கள் தெரு நகை ஆசாரியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஓரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "தம்பி, இதில் பொடி வைத்து ஊதி, பற்றவைத்து வளையம் மாட்டியிருந்திருக்கிறார்கள். பிறகு அராவி எடுத்துவிட்டார்கள்" என்றார். எவர் கழுத்திலோ பதக்கமாகக் கிடந்த காசு. விற்றவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் முகத்தைப் பார்த்த ஆவலில் விளிம்பைப் பார்க்கவில்லை. அந்தக் காசுக்கு நான் கொடுத்த விலையில் பாதிகூடத் தேறாது. ஆகவே முதலில் விளிம்பு, அடுத்து எடை. ரோம ராத்தலுக்கு 72 காசு என்பது பேரரசர் கான்ஸ்டன்டைன் வகுத்த கணக்கு, அதாவது ஒன்று ஏறக்குறைய 4.5 கிராம். எடை நன்றாகக் குறைந்தால் ஓரம் வெட்டப்பட்டிருக்கலாம், போலியாகவும் இருக்கலாம்.

மாற்றைப் பற்றி, அதாவது பொன்னின் தூய்மையைப் பற்றி, ஹெராக்ளியஸ் காலத்தில் பயமில்லை. நான்காம் மைக்கேல் காலத்தில், 1034-க்குப் பிறகுதான், பொன்னில் கைவைக்கத் தொடங்கினார்கள். 1080-களில் அதைப் பொற்காசு என்று சொல்லவே கூச வேண்டும். 1092-இல் பேரரசர் முதலாம் அலெக்சியஸ் புதுக்காசு அடித்துத்தான் இருபதரை காரட்டுக்காவது மீட்டார்.

பணம் தாராளமாக இருந்தால் இரண்டாம் ஜஸ்டினியனைத் தேடுங்கள். அரசர் முகம் இருக்க வேண்டிய முன்பக்கத்தில் கிறிஸ்துவை வைத்துவிட்டு, தன்னைப் பின்பக்கத்துக்குத் தள்ளி, 'கிறிஸ்துவின் அடிமை' என்று பொறித்துக்கொண்டவர். 695-இல் மூக்கை அறுத்து நாடு கடத்தினார்கள். பத்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்து மறுபடி ஆண்டார். அந்த இரண்டாம் ஆட்சிக் காசு என் கைக்கு எட்டாத விலை, ஏலப் பட்டியலில் படம் பார்ப்பதோடு சரி. பெரிதாக்கிப் பார்த்தேன். மூக்கு முழுசாகத்தான் இருக்கிறது.