வீட்டின் உட்சுவர்களுக்குக் கதகதப்பான வெள்ளை நிறத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: வீட்டுக்குள் நுழைந்தால் வெளிச்சமாக, வெள்ளையாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வெள்ளை வெறிச்சென்றும் இருக்கக் கூடாது, மஞ்சள் பூசியதாகவும் தெரியக் கூடாது. ஷேடு கார்டில் பார்த்தால் எல்லாம் ஒன்றாகவே தெரிகின்றன, எதை எடுப்பது?

வீடுகளுக்கு நிறம் பார்த்துச் சொல்வது என் தொழிலின் ஒரு பகுதி. பெரிய அடர் நிறங்களைவிட இந்த வெளிர் நிறங்களில்தான் மக்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டில் பார்க்கும்போது கொஞ்சம் சாம்பல் பூத்தது போல, "இதில் கதகதப்பே இல்லையே" என்று தோன்றும் நிறத்தை எடுங்கள். கார்டிலேயே இதமாக, தந்த நிறத்தில் கண்ணைக் கவர்வது சுவரில் ஏறியதும் மஞ்சளாகிவிடும். பலருக்கு இதை நம்புவது கடினம். அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

கார்டில் இருப்பது விரல் அகலத் துண்டு. அறையில் அதே நிறம் நான்கு பக்கமும் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வழியே நுழையும் ஒளி ஒரு சுவரில் பட்டு எதிர்ச்சுவருக்குப் போய், அங்கிருந்து மறுபடி திரும்பி, பல முறை மோதிய பிறகே நம் கண்ணுக்கு வருகிறது. வெளிர் நிறச் சுவர் தன்மேல் படும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் இந்த மோதல்கள் நிறைய நடக்கும். ஒவ்வொரு மோதலிலும் மஞ்சள் சாயல் உள்ள சுவர் நீல ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கிக்கொள்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மஞ்சள் ஒளியில் 100க்கு 85 பங்கையும் நீல ஒளியில் 75 பங்கையும் சுவர் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை பட்டுத் திரும்பியதும் மஞ்சளோடு ஒப்பிடுகையில் நீலம் 88 சதவீதமாக இருக்கும். மூன்று முறை பட்டால் 69 சதவீதத்துக்கு இறங்கிவிடும். பெயின்ட் அதேதான், டின்னும் அதேதான், ஆனால் அறையின் காற்றே மஞ்சளேறித் தெரியும். கார்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை ஊகிக்கவே முடியாது.

டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது இன்னும் உதவும். வெள்ளைக்கு அடிப்படை டைட்டானியம் டை ஆக்சைடு. கடையிலுள்ள நிறக்கலப்பு இயந்திரம் அதில் சில துளிகளை விடும்: இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் மஞ்சள், அதே குடும்பத்துச் சிவப்பு, பிறகு கறுப்பு. வெள்ளையில் கறுப்பு எதற்கு என்று பலர் பதறுகிறார்கள். அந்தத் துளிக் கறுப்புதான் மஞ்சளின் வாயை அடைக்கிறது! மஞ்சள் மட்டும் விட்டால் கிடைப்பது கிரீம். மஞ்சளோடு கொஞ்சம் கறுப்பும் சேர்ந்தால் கிடைப்பதுதான் நீங்கள் தேடும் அமைதியான வெள்ளை. ஆனால் கறுப்பும் மஞ்சளும் சேரும்போது லேசான பச்சைச் சாயல் தலைகாட்டும். அதைச் சரிக்கட்டவே ஒரு பொட்டுச் சிவப்பு. சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டால் சுவர் இளஞ்சிவப்பாகத் திரும்பும். கதகதப்பான வெள்ளைகளுக்குள் இருக்கும் வேறுபாடு பெரும்பாலும் இந்த மூன்று துளிகளின் விகிதம்தான்.

இதை எண்ணாகவே படிக்க ஒரு வழி உண்டு. ஸ்வீடனில் உருவான என்.சி.எஸ். என்ற நிறக் குறியீட்டு முறையைப் பல பெயின்ட் நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. 'எஸ் 0502-ஒய்' என்று ஒரு குறியீடு இருந்தால், முதல் இரண்டு இலக்கம் கருமையின் அளவு, அடுத்த இரண்டு இலக்கம் நிறச் செறிவு, ஒய் என்பது மஞ்சள். கருமை 5, செறிவு 2, சாயல் மஞ்சள். இதற்குப் பக்கத்தில் 'எஸ் 0510-ஒய்' என்பதை வைத்தால், கருமை அதே 5தான், ஆனால் செறிவு 10. முன்னது சுவரில் வெள்ளை, பின்னது சுவரில் சந்தேகமே இல்லாமல் மஞ்சள். வீடு முழுவதும் பூச என் பரிந்துரை செறிவு 2 அல்லது 3, கருமை 5 முதல் 10 வரை. குறியீட்டின் கடைசியில் ஒய்20ஆர், ஒய்50ஆர் என்று வந்தால் மஞ்சளிலிருந்து சிவப்பை நோக்கி எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். ஒய்50ஆர் சரிபாதி வழி, அதாவது பீச் சாயல். கதகதப்பு பிடிக்கும், மஞ்சள் பிடிக்காது என்பவர்களுக்கு நான் ஒய்20ஆர், ஒய்30ஆர் பக்கம்தான் காட்டுவேன்.

கார்டின் பின்புறத்தில் எல்.ஆர்.வி. என்றும் ஓர் எண் இருக்கலாம். மொத்த ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. நீங்கள் தேடும் நிறங்கள் பெரும்பாலும் 75க்கும் 85க்கும் இடையில் இருக்கும். எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் இருட்டறை வெளிச்சமாகிவிடும் என்று நம்பி 90ஐத் தேடி அலைய வேண்டாம். வெளிச்சமே நுழையாத அறையில் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. பளிச்சென்ற வெள்ளை அங்கே சோர்ந்த சாம்பலாகத்தான் தெரியும். அந்த மாதிரி அறைக்குச் செறிவை ஒரு படி கூட்டுவதே நல்லது.

இனி வெளிச்சம். பூமியின் வட பாதியில் வடக்கு நோக்கிய ஜன்னல் வழியே நேர்வெயில் அதிகம் வருவதில்லை. வருவது வானத்தின் நீலம் கலந்த ஒளி. அந்த அறையில் மஞ்சள் சாயல் அடங்கிப்போகும், பச்சைச் சாயல் எழுந்து நிற்கும், சாம்பல் மேலும் சாம்பலாகும். தெற்கு நோக்கிய அறையில் வெயில் கதகதப்பைத் தானே கொண்டுவந்துவிடும், நிறம் கொஞ்சமாக இருந்தாலே போதும். தென் பாதியில் வசிப்பவர்கள் இதைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் ஆண்டின் ஒரு பகுதியில் வடக்கிலும் மறு பகுதியில் தெற்கிலும் வெயில் விழும் என்பதால் இந்தப் பேதம் அவ்வளவு கூர்மையாக இருக்காது. கிழக்கும் மேற்கும் எங்கும் ஒன்றுபோலத்தான்: ஒன்றுக்குக் காலையில் பொன்னிறம், மற்றொன்றுக்கு மாலையில்.

ஆனால் திசையைவிட ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஒரு வீட்டின் முன்னறை ஜன்னலை ஒட்டிப் பெரிய மரம். பூசி முடித்த மறுநாள் சுவர் பச்சையாக இருக்கிறது, கடையில் டின்னை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அந்த வீட்டம்மா உறுதியாகச் சொன்னார். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துச் சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். தாளும் பச்சையாகத்தான் தெரிந்தது. இலைகளில் பட்டு வரும் ஒளியின் நிறம் அது. இரவில் விளக்கு போட்டதும் சுவர் பழையபடி இருந்தது. சிவப்பு கொஞ்சம் கூடிய ஒரு வெள்ளையை மேலே பூசியதும் பகலிலும் அடங்கிவிட்டது. எதிர் வீட்டின் செங்கல் சுவர், பக்கத்துக் கூரையின் நீலத் தகடு, உங்கள் வீட்டுத் தரை, எல்லாமே இப்படி நிறம் அனுப்பும். சிவந்த தரையோ தேன் நிற மரத்தரையோ இருந்தால் அதுவே கதகதப்பில் பாதியைத் தந்துவிடும். சுவருக்குக் குறைவாகக் கொடுங்கள்.

இரவு விளக்குகளை நிறம் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பல்பு பெட்டியில் கெல்வின் எண் இருக்கும்: 2700 என்றால் பொன்னொளி, 4000 நடுநிலை, 6500 நீலம் கலந்த வெள்ளை. 2700 விளக்கொளியில் எந்த மஞ்சள் சாயலும் இரட்டிப்பாகும். 6500 விளக்கொளியில் நீங்கள் பார்த்துப் பார்த்து எடுத்த கதகதப்பு வெளிறிப்போய் அழுக்குப் போலத் தெரியும். நான் விரும்புவது 3000. நிறங்களை ஒரு பல்பு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் எண் சி.ஆர்.ஐ. அது 90 அல்லது அதற்கு மேல் உள்ள பல்புகளாக எடுத்தால் நிறங்கள் உண்மையாகத் தெரியும். ஒரே பார்வையில் படும் அறைகளில் கெல்வினை மாற்றாதீர்கள். ஒரே பெயின்ட் இரண்டு நிறமாகிவிடும்.

பிறகு அக்கம்பக்கம். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் கோப்லான் திரைச்சீலைத் தொழிற்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரெலிடம் ஒரு புகார் வந்தது: கறுப்பு நூலில் அழுத்தம் போதவில்லை. அவர் ஆராய்ந்து பார்த்தபோது சாயத்தில் குறையில்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. 1839இல் இதை விரிவாக எழுதி வெளியிட்டார். உங்கள் வீட்டில் இதே விஷயம் ஜன்னல் சட்டத்தில் நடக்கும். கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு ரால் என்ற ஜெர்மானிய நிற எண்கள் வழக்கத்தில் உள்ளன. அவற்றில் 9016 குளிர்ந்த, பளிச்சென்ற வெள்ளை, 9010இன் பெயர் தூய வெள்ளை என்றாலும் அதில் கதகதப்பு உண்டு, 9001 கிரீம். சட்டம் 9016 ஆக இருந்தால் அதை ஒட்டிய எந்தக் கதகதப்பான சுவரும் ஒரு படி மஞ்சளாகவே தெரியும். சட்டத்தை மாற்ற முடியாது. எனவே சுவரின் செறிவைக் குறையுங்கள். இன்னும் சட்டம் வாங்கவில்லை என்றால் 9010ஐப் பாருங்கள்.

இதே காரணத்தால் உட்கூரைக்குப் பளீர் வெள்ளை பூசுவதை நான் ஆதரிப்பதில்லை. மேலே பளீரென்று இருந்தால் கீழே உள்ள நல்ல நிறம் பழசாகித் தெரியும். சுவரின் நிறத்தையே மேலேயும் பூசலாம், அல்லது அதே கலவையைப் பாதிச் செறிவில் போட்டுத் தரச் சொல்லலாம். உட்கூரைக்கு நேர் வெளிச்சம் குறைவு, தரையிலிருந்து எழும்பி வருவதுதான் அதிகம். ஒரே பெயின்ட்டாக இருந்தாலும் அது சற்று அடர்த்தியாகத் தெரியும் என்பதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

மாதிரி பார்க்கும் முறையில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். பழைய சுவரில் அங்கங்கே திட்டாகப் பூசிப் பார்க்கவே கூடாது. பழைய நிறம் ஷெவ்ரெல் சொன்ன வேலையைச் செய்துவிடும். மூன்று நிறங்களை மட்டும் சிறு டின்னாக வாங்குங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பெரிய கனத்த அட்டைகள், இரண்டு கோட், நன்றாகக் காய விடுங்கள். எமல்ஷனில் இருக்கும் பிசின் ஈரத்தில் பால் போல வெளுத்திருந்து காய்ந்ததும் தெளிவதால், காய்ந்த நிறம் பூசும்போது பார்த்ததைவிடச் சற்று அடர்த்தியாக இருக்கும். இனி அந்த இரண்டு அட்டைகளையும் அறையின் மூலையில், இரு சுவர்களிலும் ஒன்றையொன்று பார்க்கும்படி சாய்த்து வையுங்கள். அட்டைகள் சேரும் மடிப்பைக் கவனியுங்கள். அங்கே ஒளி இரண்டுக்கும் நடுவே மோதி மோதி வரும். அறை முழுவதும் பூசினால் நிறம் எந்தப் பக்கம் சாயும் என்று அந்த மடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். காலை, நண்பகல், மாலை, விளக்கொளி என நான்கு வேளையும் பாருங்கள். மேசையில் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள். சுவர் நிற்கிறது, அட்டையும் நிற்க வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. சாயலைக் கண்டுபிடிக்க வெள்ளை ஏ4 தாளின்மேல் மாதிரியை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். நல்ல வழிதான். பச்சையா, பீச்சா, சாம்பலா என்பது உடனே தெரியும். ஆனால் அந்தத் தாள்களில் பொதுவாக ஒளிரூட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பார்கள். பகல் வெளிச்சத்தின் புற ஊதாக் கதிரை அது நீலமாக மாற்றி உமிழும். அதற்கெதிரே எந்த நல்ல நிறமும் மஞ்சளாகத்தான் தோன்றும். சாயலின் திசையை அறிய மட்டும் தாளைப் பயன்படுத்துங்கள், எவ்வளவு கதகதப்பு என்று முடிவு செய்ய அட்டைகளையே நம்புங்கள். கைப்பேசித் திரையில் பார்த்து முடிவு செய்வதைப் பற்றி ஒன்றே சொல்வேன்: வேண்டாம்.

சுவருக்கு மேட் பூச்சு போதும். பட்டி பார்த்ததில் உள்ள மேடு பள்ளத்தை அது மறைக்கும், வெள்ளையை மென்மையாகவும் காட்டும். குழந்தைகள் கை வைக்கும் இடங்களில் கழுவக்கூடிய மேட் கிடைத்தால் அதை எடுங்கள். மரக்கதவுகளுக்கு வெள்ளை பூசுவதென்றால் எண்ணெய் அடிப்படையிலான எனாமலைத் தவிர்த்து நீர் அடிப்படையிலானதை வாங்குங்கள். எண்ணெய்ப் பூச்சு நாளாக நாளாக மஞ்சளிக்கும், வெளிச்சம் படாத மறைவில் இன்னும் வேகமாக.

ஒரு நிறுவனத்தின் குறியீட்டைக் கொடுத்து இன்னொரு நிறுவனத்தின் டின்னில் கலந்து வாங்கி மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்தால், மறுபடி மாதிரி அட்டை பூசிப் பார்த்த பிறகே செய்யுங்கள். நிறமிகள் வேறானால் பகலில் ஒத்துப்போகும் இரண்டு பூச்சுகள் விளக்கொளியில் பிரிந்து நிற்கும். எந்த நிறுவனமாக இருந்தாலும் ஓர் அறைக்கு வேண்டிய டின்களையெல்லாம் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிய பிறகு தொடங்கும்படி பெயின்டரிடம் சொல்லுங்கள். இவ்வளவு வெளிர் நிறத்தில் ஒரு டின்னுக்கு அரைத் துளி மாறினாலும், ஒரு சுவரின் நடுவே கோடு தெரியும். டின் மூடியில் ஒட்டியிருக்கும் கலவைச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கீறலைச் சரிசெய்ய நிறத்தின் பெயர் மட்டும் போதாது, எந்தத் துளி எவ்வளவு என்ற அந்தச் சீட்டும் வேண்டியிருக்கும்.